ஒரு பக்கக் கனம்

பால் பொங்குவதற்குள் சண்டை வந்துவிட்டது. கரையான்சாவடி வீட்டின் நடு அறையில் இரண்டு வாரமாக மாவு மிஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்த, ஓடினால் காசு சேர்க்கும் என்று வாங்கிய பிட்காயின் மெஷின், இன்றும் சத்தமில்லாமல் கிடந்தது. காலையில் இப்படி நின்று கிடப்பது இது மூன்றாவது நாள்.

"அண்ணி, நீதான ஆஃப் பண்ண?" என்றான் வேலை போய் வீட்டிலிருக்கும் கொழுந்தன் சரவணக்குமார்.

பஞ்சவர்ணம் மறைக்கவில்லை. தண்ணீர் பிடிக்க எழுந்தவள் பிளக்கைத் தொட்டாள், உள்ளங்கை சுட்டது, அணைத்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய ஐந்து மாதக் குழந்தை தூங்குகிறது. வேறென்ன காரணம் வேண்டும்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட்டை மாற்றிக் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டிகள் தயாரிக்கும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஈயம் பற்றவைக்கிறவள் அவள். அந்தச் சம்பளத்தில்தான் தாயில்லாத இந்தக் கொழுந்தனைப் படிக்க வைத்தாள். மெஷினுக்கு மலிவாகக் கிடைத்தது என்று அவன் ஆன்லைனில் வாங்கிய பவர் சப்ளையைக் கையில் தூக்கிய அன்றே அவளுக்குச் சந்தேகம் வந்தது. கனமெல்லாம் ஒரே பக்கம் இருந்தது. நல்ல பெட்டி அப்படிச் சாயாது. சொன்னாள், அவன் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.

"ஆயிரத்து எட்நூறு வாட்ஸ்னு லேபிள்ல போட்டுக்கீது. மொதல்ல கண்ணாடிய மாத்திகினு வந்து அத படி."

ஈயப் புகையில் மங்கிய கண்ணைச் சொல்கிறான்... ஓரகத்தி பானுப்பிரியா குழந்தையை இறுக்கிக்கொண்டு அழுதாள். "நாங்க முன்னுக்கு வர்றது உங்களுக்குப் புடிக்கலக்கா."

ஆவடி ஃபேக்டரிக்கு ஷிப்டுக்குக் கிளம்பிய கணவன் தங்கராஜ், உனக்கெதற்கு இந்த வம்பு என்று இவளைத்தான் அடக்கினான். அவள் கண்ணெதிரே சரவணக்குமார் மறுபடி சுவிட்சைப் போட்டான். பேச்சு நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது உண்மைதான். ஆனால் அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

வேலையில் இரண்டு முறை விரலைச் சுட்டுக்கொண்டாள். பானு மதியம் கதவைச் சாத்திக்கொண்டு குழந்தையோடு தூங்குவாளே... சாப்பாட்டு நேரத்தில் பின்தெருவிலிருந்த பழைய சாமான் கடைக்கு ஓடினாள். பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய சர்வர்களிலிருந்து எடுத்த பவர் சப்ளைகள் அங்கே வரும், புதியதில் பாதி விலைகூட இல்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கனம் சமமாக இருந்த இரண்டை எடுத்தாள்; இரண்டும் சேர்ந்தால்தான் அந்த மெஷினுக்குப் போதும். கண்ணாடி மாற்ற வைத்திருந்த பணம் அதற்குச் சரியாகப் போயிற்று. கம்பெனிக்குத் திரும்பி, சூப்பர்வைசர் ஆனந்தனிடம் கெஞ்சி, முழு லோடு ஏற்றி இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்தாள். இரண்டும் தாங்கின. பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

தெருமுனையிலேயே அந்த வாசனை வந்தது. பெட்டிக்குள்ளிருக்கும் கம்பிச்சுருள் கருகும் வாசனை. பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். வாசலில் பானு குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். உள்ளே ஒரே புகை. மெயினை இறக்கிவிட்டு, எரிந்த திரைச்சீலையைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தான் சரவணக்குமார்.

"கொயந்த..."

"ஒண்ணும் ஆவல அண்ணி."

அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். புகை அடங்கி, பெட்டி ஆறியதும் ஸ்குரூ டிரைவரை எடுத்து அதைக் கழற்றினாள். ஒரு பக்கம் நோஞ்சான் போர்டு ஒன்று கருகிக் கிடந்தது. மறுபக்கம் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு. கையில் கனம் தெரியவேண்டும் என்பதற்காகவே வைத்தது.

சரவணக்குமார் அதையே பார்த்தான். பிறகு உடைந்து அழுதான்.

"லேபிள நம்புனேன் அண்ணி... உன்ன நம்பல."

"எனக்கு பயமா இருந்துச்சுடா. வேற ஒண்ணுமே இல்ல..." என்றபோதுதான் அவளுக்கும் அழுகை வந்தது. பானு குழந்தையை அவள் மடியில் கிடத்திவிட்டு, அவள் தோளைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

எலக்ட்ரீஷியனை வைத்து வயரையெல்லாம் மாற்றிய பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தப்பியிருந்த மெஷினில் அவள் கொண்டுவந்த இரண்டையும் மாட்டினார்கள். இதற்குப் பணம் ஏது என்று சரவணக்குமார் கேட்டான். இருந்தது என்று மட்டும் சொன்னாள். மெஷின் இரையத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, அவன் அவளை பிளக் அருகே கூட்டிக்கொண்டு போனான்.

"தொட்டுப் பாரு அண்ணி. நீ சொன்னாதான் ஓடும்."

பஞ்சவர்ணம் உள்ளங்கையை வைத்தாள். குழந்தை தூங்கும் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள்.

"ஓடட்டும்" என்றாள்.