யாரும் முழுக்கச் சாப்பிடாத கடை

கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு கிண்ணம்கூடக் காலியாகவில்லை. டெலிசாவின் கண்ணில் முதலில் பட்டது அதுதான்.

இலோய்லோ நகரத்தில் பாச்சோய் சூப்பைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோகிற மனிதரை அவள் பார்த்ததே கிடையாது. பன்றி எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவிட்ட சாறு, மஞ்சள் நூடுல்ஸ், ஈரல் துண்டுகள், மேலே மொறுமொறுவென்று பொரித்த தோல். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாறு ஊத்துங்க" என்று கூச்சமில்லாமல் நீட்டுவதுதான் ஊர்ப் பழக்கம், கடைக்காரரும் முகம் சுளிக்காமல் சும்மாவே ஊற்றுவார். இங்கே என்னடாவென்றால், வருகிறார்கள், உட்காருகிறார்கள், இரண்டு கரண்டி வாயில் வைக்கிறார்கள், துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள்.

"ஏன் ரெனான், சூப்புல ஏதாவது கெட்டுப்போயிருக்குமோ?"

"ஆரம்பிச்சுட்டா போலீஸ்காரி," என்றான் அவள் கணவன் ரெனாந்தே, வாய் நிறைய நூடுல்ஸோடு. "படகுல பக்கத்துல உக்காந்தவன் பையையே பார்க்கறான்னே. சர்ச்சுல உண்டியல் கிட்ட நின்னவன திருடன்னே. இப்ப சூப்பு. சாப்பிடு தாயே, அமிர்தமா இருக்கு."

சந்தேகப்படுவது அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. இரண்டு பிள்ளைகள் நாலாம் மாதத்திலும் ஐந்தாம் மாதத்திலும் கைநழுவிப் போனபிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இது மூன்றாவது. ஏழு மாதம் தாண்டித் தங்கிவிட்டது. குழந்தையை ஒருதரம் நன்றாகப் படம் பிடித்துப் பார்த்துவிடலாம், எங்களிடம் அந்த மிஷின் இல்லை, நகரத்துக்குப் போங்கள் என்று கிமாராஸ் தீவு டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு முன்பதிவு. "பிள்ளை பொறந்துட்டா ரெண்டு வருஷத்துக்கு எங்கயும் நகர முடியாது, ஒரு நாள் முன்னாடியே போய் ஆசை தீர ஊரைச் சுத்திப் பார்ப்போம்" என்று ரெனாந்தேதான் கிளப்பிக்கொண்டு வந்தான். காலைப் படகில் இறங்கியதும் மோலோ தேவாலயம். தூணுக்குத் தூண் நிற்கிற பெண் புனிதர்கள் ஒவ்வொருத்தியிடமும் டெலிசா தனித்தனியாக நின்று, இதையாவது எனக்குக் கொடுத்துவிடு என்று கேட்டாள். அப்புறம் ஹாரோவில் தேவாலயத்தைவிட்டுத் தள்ளித் தனியாக நிற்கும் மணிக்கூண்டு. மூன்று மணிக்கு ஆற்றோரப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கண்ணில் பட்ட முதல் கதவில் நுழைந்துவிட்டார்கள்.

அப்போது கடையே தலையைத் தூக்கிப் பார்த்தது. அவளையோ அவனையோ அல்ல, அவர்களுக்குப் பின்னால் பார்த்தது. பின்னால் மழைதான் பெய்துகொண்டிருந்தது. பிறகு எல்லாக் கண்களும் அவள் வயிற்றுக்கு வந்தன, உடனே கிண்ணத்துக்குள் போய்விட்டன.

இப்போது உட்கார்ந்து கவனிக்கக் கவனிக்க ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டது. கடைக்கு இரண்டு வாசல். வருகிறவர்கள் அத்தனைபேரும் தெருப்பக்கக் கதவால் வந்தார்கள். போகிறவர்கள் அத்தனைபேரும் ஆற்றுப்பக்கம் போனார்கள். போகும்போது ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, மறந்த குடைக்காகக்கூட. பூண்டும் இறைச்சியும் மணக்கிற கடையில், அந்த மணத்துக்கு அடியில், இன்னொரு வாசனை ஈரத்துணி மாதிரி கிடந்தது. உருகிய மெழுகு, வாடத் தொடங்கிய சாமந்தி. சர்ச்சுக்குப் போய்வந்த தன் உடம்பில்தான் அந்த வாடை ஒட்டியிருக்கிறதோ என்று கையை மோந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. எழுந்துபோனவர்களின் நாற்காலிகளையோ ஒருவரும் மேசைக்கு அடியில் தள்ளவில்லை. எல்லாம் இழுத்தபடி, ஆள் உட்கார்ந்திருக்கிற அளவு இடைவெளியோடு அப்படியே நின்றன. புதிதாக வருகிறவர்கள் வேறு நாற்காலி தேடினார்கள்.

நரைத்த தலையை இறுக முடிந்த பரிசாரகி சாறுக் கெண்டியோடு வந்தாள். சட்டையில் குத்திய அட்டையில் ரோசால் என்று பெயர். இரண்டடி தள்ளியே நின்றுகொண்டாள்.

"எந்த வீட்டிலிருந்து வர்றீங்க, இந்தாய்?" சின்னப் பெண்களை அந்த ஊரில் இந்தாய் என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் ஊர்க்குரல், தாலாட்டுப் போல இழுவை.

"கிமாராஸ் அக்கா. ஊர் சுத்திப் பார்க்க வந்தோம்," என்றான் ரெனாந்தே.

"அதக் கேக்கல தம்பி. யாரு தவறிட்டாங்க?"

"தவறறதா? நல்லா கேட்டீங்க போங்க! நாங்க குத்துக்கல்லாட்டம் இருக்கோம். கொஞ்சம் சாறு ஊத்துங்க."

ரோசால் ஊற்றவில்லை. கெண்டியைப் பக்கத்து மேசையில் வைத்தாள்.

"யாரும் தவறல? துக்க வீட்டுக்கே போகல?"

"வயித்துப்பிள்ளைக்காரி எங்க அக்கா துக்கத்துக்குப் போவா?" என்றாள் டெலிசா. "போன மாசம் சொந்த மாமாவுக்கே நான் போகல. ஏன் கேக்கறீங்க?"

ரோசால் தெருப்பக்கக் கதவைப் பார்த்தாள். டெலிசாவும் பார்த்தாள். கண்ணாடிக்கு வெளியே, மழைக்குள், எதிர்ச்சாரியில் வரிசையாக நாலு பெயர்ப்பலகைகள். வெள்ளைப்பூ வளையங்கள் சாய்த்து வைத்த வாசல்கள். பின்கதவு திறந்தபடி ஒரு நீளமான கறுப்புக் கார். நாலும் சவத்தை வைத்துத் துக்கம் கேட்கிற அடக்க நிலையங்கள். தெருவழியாக வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும்.

அவளுக்கு விளக்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. துக்க வீட்டுக்குப் போனவர் நேரே வீடு திரும்பக்கூடாது. வழியில் எங்காவது ஏறி ஒரு காபியோ ரொட்டியோ வாயில் போட்டு, கூடவே வந்த ஆவியை அங்கேயே உதறிவிட்டுத்தான் போகவேண்டும். தீவில் ஆளுக்கொரு கடையில் நிற்பார்கள். ஒருவருக்கு டீக்கடை, ஒருவருக்குப் பேக்கரி. இங்கே நாலு நிலையத்துக்கும் சேர்த்து இந்த ஒரே கடை. இவர்களில் யாரும் சாப்பிட வந்தவர்கள் இல்லை, இறக்கிவிட்டுப் போக வந்தவர்கள்.

"இருபத்தாறு வருஷமா நான் இங்க வேல பார்க்கறேன்," என்றாள் ரோசால், குரலை இறக்கி. "ஆளுங்க வருவாங்க, இறக்கிடுவாங்க, போயிடுவாங்க. சுமையோட வர்றவங்க மேல வேற எதுவும் ஏறாது. நாங்களும் காப்புக்கு உப்பு முடிஞ்சு வெச்சிருக்கோம். உங்கள மாதிரி வெறுமனே வந்து உக்காந்தவங்கள நான் பார்த்ததில்ல. அதுவும் நீ இப்படி, உள்ள இடம் வெச்சுக்கிட்டு..."

"சும்மா இருங்க அக்கா," என்று ரெனாந்தே குரலை உயர்த்தினான். "மாசமா இருக்கறவ கிட்ட என்ன பேச்சு இது?"

"நேரா ரூமுக்குப் போகாதீங்க தம்பி. நாலு இடத்துல ஏறி இறங்குங்க. கூட்டம் இருக்கற இடமா பார்த்து. திரும்பிப் பார்க்காதீங்க."

மழையிலேயே வெளியே வந்தார்கள். ரெனாந்தே வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தான். அந்தக் கிழவிக்கு வேறு வேலை இல்லை என்றான், உன் மூஞ்சியைப் பார்த்தாலே யாருக்கும் பயமுறுத்தத் தோன்றும் என்றான். ஆனால் ஆட்டோவை விடுதிக்கு விடச் சொல்லவில்லை. பேக்கரி வாசலில் நிறுத்தச் சொன்னான். அதைப் பார்த்தபிறகுதான் டெலிசாவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

பேக்கரியில் ஆளுக்கொரு ரொட்டி வாங்கிக் கடித்துவிட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வந்தார்கள். அப்புறம் பெரிய கடைவளாகம். வாசலில் காவலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துபிடித்தான். டெலிசா நுழைந்தாள், ரெனாந்தே நுழைந்தான். காவலாளி கதவை விடவில்லை. இன்னும் ஒருவர் மெதுவாக நடந்து உள்ளே வருகிற நேரம் அளவுக்குப் பிடித்துக்கொண்டே நின்று, "வாங்க ஐயா" என்று தலையாட்டிவிட்டுத்தான் விட்டான்.

"பார்த்தியா?" என்றாள்.

"எதை?" என்றான் ரெனாந்தே. ஆனால் அவன் கழுத்து திரும்பாமல் விறைத்து நின்றது. இவனும் பார்த்திருக்கிறான், பார்த்துவிட்டு மறைக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. கட்டின நாளிலிருந்து இல்லாத சந்தேகம் அவன்மேல் அப்போதுதான் வந்தது.

உள்ளே ஊபே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். ஊதாக் கிழங்கின் இனிப்பு நாக்கில் பட்டாலே குழந்தைக்குக் கொண்டாட்டம், இரண்டாவது வாயிலேயே உதைக்கும். டெலிசா வயிற்றில் கைவைத்துக்கொண்டு தின்றாள். இரண்டு வாய். ஐந்து வாய். கிண்ணம் காலி. ஒன்றும் இல்லை. அந்தக் கடையில் உட்கார்ந்ததிலிருந்தே ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தூங்குது டெலி," என்றான். "இவ்வளவு நடந்திருக்கோம். தூங்காம என்ன பண்ணும்?"

கடைசி இடமாக ஹாரோ தேவாலயத்துக்கே திரும்பப் போனார்கள். மாலைப் பூசைக்குக் கூட்டம் நெருக்கியடித்தது. நிற்க இடமில்லாத அந்தக் கூட்டத்தில் டெலிசாவுக்கு இடப்பக்கம் மட்டும் ஓர் ஆள் அளவு இடம் பூசை முடிகிறவரை காலியாகவே இருந்தது.

விடுதி அறைக்கு வந்தபோது ஏழு மணி. எல்லா விளக்குகளையும் போட்டார்கள். அவள் மல்லாந்து படுத்து, கூரையில் மழை விழுவதையும் பக்கத்து அறைத் தொலைக்காட்சியில் யாரோ சிரிப்பதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டுத்தான் படுத்திருந்தாள், துணியெல்லாம் மாற்றியிருந்தாள், ஆனாலும் மெழுகும் சாமந்தியும் மணத்தன. இப்போது வெளியிலிருந்து வரவில்லை. மூச்சு விடும்போது வந்தது.

அப்புறம் வயிறு அசைந்தது.

"ரெனான்! அசையுது!"

அவன் ஓடிவந்து கைவைத்தான். "நான்தான் சொன்னேனே! அப்பன் உசுர வாங்கறதுக்குன்னே..." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவனுக்கு. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஆனால் அது உதை இல்லை. மெதுவாக இருந்தது. படுக்கையில் ஒரு பெரிய ஆள் புரண்டு வசதியாகப் படுப்பதுபோல.

ரெனாந்தேயின் சிரிப்பு நின்றது. கையைச் சட்டென்று எடுத்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லு ரெனான்."

"ஒண்ணுமில்லன்னேன்ல. தூங்கு."

அன்றிரவு அவன் கட்டிலுக்கு வரவில்லை. கதவோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வலது கையை இடது அக்குளில் இடுக்கியபடி உட்கார்ந்தே கிடந்தான். எதைத் தொட்டாய் என்று அவள் மூன்று முறை கேட்டாள்.

காலை ஒன்பது மணிக்குப் படம் பிடிக்கும் அறை. வெயில். ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்தம். கருவியை இயக்கும் பெண் கலகலப்பானவள், ஜெல்லைப் பிழிந்தபடி, "கிமாராஸா? மாம்பழம் கொண்டு வரலையா? அப்ப படம் காட்ட மாட்டேன் போங்க," என்று சிரித்தாள். கருவி வயிற்றில் சில்லென்று ஊர்ந்தது. அறை முழுக்க இதயத் துடிப்பு கேட்டது. டக் டக் டக் டக்.

"கேக்குதா அக்கா? உங்க பிள்ளை. ஜம்முனு இருக்கு."

டெலிசா கண்களை மூடி, மோலோவில் பார்த்த அத்தனை பெண் புனிதர்களுக்கும் நன்றி சொன்னாள். உயிரோடு இருக்கிறது. போதும். வேறு எதுவும் வேண்டாம்.

"ஆனா ஏன் இப்படி..." என்று அந்தப் பெண் தொடங்கினாள்.

டெலிசா கண் திறந்தாள். திரை. சாம்பல் நிறத்தில் குழந்தை. இடது ஓரத்தில். சுவரோடு சுவராக. முழங்கால் மோவாயைத் தொட, முகத்தைத் திருப்பிக்கொண்டு. முதுகு மட்டும் இந்தப்பக்கம். சின்ன முதுகெலும்பு, மணிமணியாக.

மீதி இடம் கறுப்பு. கறுப்புக்குள் ஏதோ நகர்ந்தது.

கை.

வளர்ந்த கை. நீண்ட விரல்கள். கணுக்கள். நகங்கள். அவசரமே இல்லாமல் வந்தது. குழந்தையின் முதுகில் படிந்தது. அழுகிற பிள்ளையைத் தூங்கவைக்கிற மாதிரி மெல்லத் தட்டியது. ஒன்று. இரண்டு. தட்டுக்குத் தட்டு அவள் வயிற்றில் தெரிந்தது.

ரெனாந்தே சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். "அதேதான்," என்றான். "அதேதான் டெலி."

அந்தப் பெண் அலறிக்கொண்டு கருவியை வயிற்றிலிருந்து பிடுங்கினாள். திரை இருண்டது. இதயத் துடிப்பின் சத்தமும் நின்றது.

தட்டுவது நிற்கவில்லை.