தோளில் இருந்த கை

காலை எட்டு மணி. அச்சகத்தில் மெஷின் ஓட ஆரம்பிக்கிற நேரம்.

மெஷின் ஓடவில்லை.

மெஷின்மேன்தான் ஓடினார்!

ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போனவர், போன வேகத்தில் தெருவுக்கு வந்தார். கத்தினார். குரல் வந்தது. வார்த்தை வரவில்லை.

உள்ளே, கம்ப்யூட்டர் மேஜைக்கும் பேப்பர் கட்டுக்கும் நடுவே... டிசைனர் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். பக்கத்தில், பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைக்கிற இரும்புக் கட்டை.

மூக்குக்கண்ணாடி மட்டும் மேஜைமேல், மடித்து வைத்தபடி, பத்திரமாக இருந்தது.

அச்சகத்தில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதையும் ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் நம்புவான். அதனால் 'இன்ச்'.

ஊருக்கு அவனை வேறு விதமாகத் தெரியும்.

கவுன்சிலரோட ஆள்!

பதினோரு வருடங்களுக்கு முன், கவுன்சிலரின் முதல் தேர்தலில், எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மேடையில் நக்கலாகக் கேட்டார். "தம்பிக்குக் கல்யாணம் ஆகலை... ஆனா வீட்டுல கூட ஒருத்தர் இருக்காராமே... யாருப்பா அது?"

பதில் மைக்கிலேயே வந்தது.

"நான் ஆம்பளையை விரும்புற ஆம்பளை. கூட இருக்கறது என் துணை. அடுத்த கேள்வி சாக்கடையைப் பத்தி இருக்கட்டும்!"

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். சாக்கடையைச் சரி செய்தார். அடுத்த தேர்தலில் வித்தியாசம் நாலாயிரம்.

இப்போது மேயர் தேர்தலில் நிற்கிறார். இன்னும் ஒன்பதே நாள்.

*

ஒன்பதரை மணி. வார்டு அலுவலகம்.

"உக்காருங்க சார்" என்றார் இன்ஸ்பெக்டர், கவுன்சிலரிடம். நாற்பது வயதுப் பெண்மணி. தூங்கி எழுந்த மாதிரி முகம். தூங்காத கண்.

"பரவாயில்ல மேடம். நிக்கறேன்."

"உக்காருங்க. நான் சொல்றதைக் கேட்டு நீங்க விழுந்தா, நான் ரெண்டு ரிப்போர்ட் எழுதணும்."

உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் சொன்னார். மூன்றே வாக்கியம்.

கவுன்சிலர் அழவில்லை. மேஜையைப் பார்த்தார். மேஜையில் ரெண்டு டிபன் பாக்ஸ். நேற்று இன்ச் வீட்டுக்கு வரவில்லை என்பது தெரிந்தும், காலையில் கை பழக்கத்தில் ரெண்டு கட்டிவிட்டது.

"நான்தான் கொன்னேன்" என்றார்.

இன்ஸ்பெக்டர் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"எதால சார்?"

"..."

"பரீட்சையா எழுதறீங்க? யோசிக்கறீங்களே!"

"கத்தி... பேப்பர் வெட்டற கத்தி."

"தப்பு. இன்னொரு சான்ஸ் தரட்டுமா?"

"எதால இருந்தா என்ன மேடம்? நான்தான். எழுதிக்கோங்க."

"எழுதறேன். நேத்து சாயங்காலம் பிரஸ்ல சண்டையாமே? தெரு முழுக்கக் கேட்டிருக்கு. எதுக்கு?"

"போஸ்டருக்கு."

"சொல்லுங்க."

"நாங்க ரெண்டு பேரும் வீட்டு வாசல்ல நிக்கற போட்டோ. என் தோள்ல அவன் கை. அதுதான் போஸ்டர்னு பேச்சு. அப்புறம் பிரசாரம் பார்க்கற எங்க அத்தான் சொன்னாரு... வார்டுக்கு அது செல்லும், முழு ஊருக்கும் செல்லாதுன்னு. ஒன்பது நாளைக்கு மட்டும் அவனை எடுத்துடலாம்னு. நானும் சரின்னுட்டேன்."

"எடுத்தது யாரு?"

"அவனேதான்."

கவுன்சிலர் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"கோடு போட்ட சட்டை மேடம். அவன் கை இருந்த இடத்துல சட்டைக் கோட்டை ஒவ்வொண்ணா வரைஞ்சான். தன்னைத்தானே அழிச்சுட்டு, 'ஒட்டுப்போட்டது தெரியுதா பாரு'ன்னு கேட்டான். தெரியலைன்னேன். அதுக்குத்தான் கத்தினான்."

இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரும்பினார்.

"இன்னிக்குக் காலைல ஆறரைக்கு உங்க போன்லேருந்து அவருக்கு ஒரு கால். நாப்பது செகண்ட். என்ன பேசினீங்க?"

கவுன்சிலர் ஒரு டிபன் பாக்ஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சார், நீங்க உள்ள போயிட்டா, நிஜமா செஞ்சவன் வெளிய ஜாலியா காபி குடிப்பான். செத்துப்போனவருக்கு நீங்க செய்யற மரியாதை இதுதானா?"

 

கதவு வேகமாகத் திறந்தது!

"மாப்ளே!"

அக்காவின் கணவர். மூன்று தேர்தலாகப் பிரசாரம் முழுக்க அவர் கையில்தான். எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

"மாப்ளே... இப்பத்தான்டா கேள்விப்பட்டேன். உங்க அக்கா அங்க மயக்கம் போட்டுட்டா. பதினோரு வருஷமா நம்ம வீட்டுல சாப்பிட்ட பய..."

கவுன்சிலர் நிமிரவில்லை.

"நீங்கதான் அத்தானா?" என்றார் இன்ஸ்பெக்டர். "அச்சடிக்க முன்னாடி எடுக்கற ப்ரூஃப்ல நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் மெஷின் ஓடுமாமே?"

"ஆமாம்மா. அது என் பழக்கம். ஆனா இன்னிக்குப் போகலை. தலைவலி. ஒன்பது மணிக்குத்தான் எழுந்தேன்."

"போஸ்டரைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"நேத்து ராத்திரி போன்ல அனுப்பினான். ஓகே சொன்னேன். அதோட சரி."

"சரி. வேலை முடிஞ்சுது." இன்ஸ்பெக்டர் எழுந்தார். "உங்க மாப்ளை கொலையை ஒத்துக்கிட்டாரு. கிளம்பலாமா சார்?"

கவுன்சிலர் எழுந்து கையை நீட்டினார். விலங்கு போட வசதியாக!

அத்தானின் முகம் வெளுத்தது.

"என்னம்மா விளையாடறீங்க! இவனா? இவன் கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்துல அள்ளி வெளிய விடறவன்!"

"அவரே சொல்றாரே."

"அவன் சொல்லுவான்! பைத்தியம்! மேயர் ஆகப்போறவன்ம்மா! எல்லாம் அந்தப் பயலால வந்தது. நான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். போஸ்டர்ல தோள்மேல ஒத்தைக் கையை மட்டும் வெச்சா எவன் ஓட்டுப் போடுவான்?"

இன்ஸ்பெக்டர் மறுபடி உட்கார்ந்தார்.

"எந்தக் கை?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்னது?"

இன்ஸ்பெக்டர் தன் போனை நீட்டினார்.

"இது நேத்து உங்களுக்கு வந்த போஸ்டர். உங்க மாப்ளை மட்டும்தான் இருக்காரு. தோள்ல கையே இல்லையே?"

"அது... பழைய போட்டோவைச் சொன்னேன்..."

"பழைய போட்டோல ரெண்டு பேரும் முழுசா நிக்கறாங்க. நீங்க சொன்ன போஸ்டர் இது."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். கவுன்சிலர் சிரிக்கிறார். இன்ச் இல்லை. ஆனால் படத்தின் விளிம்பிலிருந்து ஒரு கை மட்டும் உள்ளே வந்து... தோளில்!

"இன்னிக்குக் காலைல ஏழு மணிக்கு எடுத்த ப்ரூஃப். நீங்க ஒண்ணைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. பிரஸ்ல எப்பவும் ரெண்டு எடுப்பாங்களாம் சார். ஒண்ணு கையெழுத்துக்கு. ஒண்ணு கதவுக்குப் பின்னால ஆணியில... ஃபைலுக்கு. கையெழுத்து மட்டும் போட்டுப் பழகினவருக்கு ஆணி எங்க தெரியும்?"

அத்தான் உட்கார்ந்தார். நாற்காலி இல்லாத இடத்தில்.

"கெஞ்சினேன்மா... தரையில விழுந்து கெஞ்சினேன். 'முடியாது, மெஷின் எட்டு மணிக்கு ஓடும்'னான். 'நீங்க கத்தி முடிங்க'ன்னு கண்ணாடியைக் கழட்டி மடிச்சு வெச்சுட்டு முதுகைக் காட்டினான். கட்டை எப்படி என் கைக்கு வந்துச்சுன்னே..."

முடிக்கவில்லை. கவுன்சிலரைப் பார்த்தார்.

"உனக்காகத்தான்டா! பதினோரு வருஷ உழைப்பு! அந்தப் பய உன்கிட்டகூடக் கேக்காம அந்தக் கையை வெச்சு..."

"அவன் வெக்கலை அத்தான்."

முதல் தடவையாகக் கவுன்சிலர் நிமிர்ந்தார்.

"நான் வெக்கச் சொன்னேன்."

"என்னது!"

"ஆறரை மணிக்கு. 'முழுசா வேண்டாம், உன் கை மட்டுமாவது இருக்கட்டும்'னேன். அவன் சிரிச்சான். 'அத்தான் குதிப்பாரே'ன்னான். 'நான் பேசிக்கறேன்'னு சொன்னேன்."

"என்கிட்ட ஒண்ணும் பேசலையேடா..."

"பேசலை. போனை எடுத்தேன். வெச்சேன். பல் தேய்ச்சேன். டிபன் கட்டினேன். நீங்க ஏழு மணிக்கு பிரஸ்ல இருப்பீங்கன்னு தெரியும். எட்டுக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."



"ஊருக்கே மைக்ல சொன்னவன் அத்தான் நான்... உங்ககிட்டச் சொல்லப் பயந்துட்டேன்."

இன்ஸ்பெக்டர் அத்தானின் கையில் விலங்கை மாட்டினார்.

"ஒரு வார்த்தை..." என்றார் அத்தான், தரையைப் பார்த்து. "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கத்திட்டு வீட்டுக்குப் போயிருப்பேனேடா..."

"தெரியும். அதான் நான் கொன்னேன்னு சொன்னேன்."

இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. கேட்டார். கவுன்சிலரிடம் நீட்டினார்.

"மெஷின்மேன். போஸ்டரை என்ன செய்யறதுன்னு கேக்கறாரு."

கவுன்சிலர் வாங்கினார். ஒரு டிபன் பாக்ஸை இன்னொன்றின் மேல் அடுக்கினார். ஓரம் சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

"போலீஸ் எப்ப பிரஸ்ஸைத் திறந்து விடறாங்களோ, அன்னிக்கு ஓட்டுங்க. பழைய போட்டோ. முழுசா. ரெண்டு பேரும்."

"தோத்துடுவே மாப்ளே!" அத்தான் அலறினார். கை விலங்கு குலுங்கியது. "என் கணக்கு தப்பாது! அந்தப் போட்டோவை ஒட்டாதே!"

"நீங்க போட்டோ கவலையை விடுங்க சார்." இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து பிடித்தார். "இப்ப ஸ்டேஷன்ல உங்களுக்கு ரெண்டு எடுப்போம். நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. தோள்ல எங்க ஏட்டய்யா கை விழுந்தா... அதை மட்டும் அழிக்கச் சொல்லிடாதீங்க!"