கோராலீ பிம்ஸின் கரகரப்பு

தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் இரண்டு பேர் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ஐஸ்கட்டி உடைக்கும் உளி வேறு. ஆனால் சுற்றி நின்றவர்கள் காதில் விழுந்தது இவ்வளவுதான்.

"அந்தச் சீலா மீன நான்தான் மொதல்ல கேட்டேன்."

"இல்லய்யா, நான்தான்."

பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் உப்பு கேட்கிற தொனி. திட்டு வாங்கியவருக்கும் அப்படித்தான் கேட்டது. எதிராளி கத்துவதே காதில் விழாவிட்டால் எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? அலுத்துப்போய் உளியைப் போட்டுவிட்டு இருவரும் டீக்கடைப் பக்கம் போனார்கள்.

ஒலிந்தா மச்சாது மீன் பையோடு அவர்களைத் தாண்டி நடந்தாள். இன்செவி வந்ததிலிருந்து ஊர் இப்படித்தான்.

இன்செவி என்பது உளுந்து அளவுள்ள கருவி. செவிப்பறைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, காற்றில் வரும் சத்தத்தை முழுக்க வாங்கி, அதிலுள்ள கரடுமுரடைச் சீவிவிட்டு, மிச்சத்தைக் காதுக்குள் பதமாக ஓதும். துறைமுகத் தொழிலாளிகளின் காதைக் காப்பாற்றத்தான் நற்கேள் நிறுவனம் முதலில் அதைச் செய்தது. பிறகு அது லாரி ஹாரனை மென்மையாக்கியது. மேலதிகாரியின் அதட்டலை, மாமியாரின் குத்தலை, கந்துவட்டிக்காரனின் மிரட்டலை எல்லாம் மென்மையாக்கியது. அடிதடி குறைந்தது. விவாகரத்து குறைந்தது. குரல் எப்போதும் நலமாகவே ஒலித்ததால் முகத்தைப் பார்த்துப் பேசும் வழக்கமும் மெல்லக் குறைந்தது. அதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. கழற்றினால் வாரக்கணக்கில் தலை சுற்றும் என்பதால் கழற்றிப் பார்க்கவும் யாரும் துணியவில்லை.

ஒலிந்தாவுக்கு இன்செவி மீது ஒரே ஒரு வருத்தம்தான் இருந்தது. அது அவளுடைய ரெக்கார்டுகளைக் கெடுத்தது.

துறைமுகத்தில் அவள் ஆளில்லா கிரேன்களை இயக்கும் அறையில் வேலை பார்த்தாள். உரிமை கோர ஆளில்லாத கண்டெய்னர் ஒன்றை ஏலம் விட்டபோது, உள்ளே பழைய அமெரிக்க இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. எல்லாம் சோல், ஃபங்க் என்கிற கறுப்பின மக்களின் பாட்டு வகைகள். வேறு யாரும் சீந்தவில்லை; அவள் மொத்தமாக வாங்கிவந்தாள். இன்செவிக்கு முந்திய காலத்தில், ஒரு கல்யாண வீட்டில், கப்பலில் வேலை பார்த்த மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் அந்த மாதிரிப் பாட்டு ஒன்றைப் போட்டிருந்தான். மணப்பெண்ணின் மாமனார் கூட நாற்காலியை விட்டு எழுந்து ஆடியதை அவள் பார்த்திருக்கிறாள். அவள் கால்களும் அவளைக் கேட்காமலே ஆடின. அந்த ஒரு சாயங்காலம் அவளுக்குள் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது வீட்டில் தட்டு சுழன்றால் பத்தியக் குழம்பு போல இருந்தது. பேஸ் கிட்டாரின் அதிர்வைப் பாதத்தால் உணர முடிந்தது. ஆனால் காதில் விழுந்ததோ எண்ணெயும் காரமும் எடுத்துவிட்ட பாட்டு. சற்றுப் பிந்தி விழ வேண்டிய டிரம் அடியை இன்செவி பிழை என்று எண்ணிச் சரியான இடத்துக்கு நகர்த்தியது. குரலில் இருந்த பிசிறை நீக்கியது. ஆனாலும் அவள் விடவில்லை. ஞாயிறு மதியமானால் உறைகளைத் துடைத்து, பின்பக்கக் குறிப்புகளை மனப்பாடமாகும்வரை வாசித்தாள். பேஸ் வாசித்தவர் யார், எந்த ஊரில் பதிவானது என்று கேட்பாரில்லாவிட்டாலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடித்தவள் கோராலீ பிம்ஸ் என்ற பாடகி. தேவாலயத்தில் பாடத் தொடங்கியவள், ஒரே ஒரு தட்டு மட்டும் வெளியிட்டவள்.

"பழைய தட்டுக்கு இவ்வளவு பணிவிட," என்பார் அவள் கணவர் தார்சீஸ். கேலியா எரிச்சலா என்று தெரியாது. இன்செவி இரண்டையும் ஒரே மாதிரிதான் கொடுக்கும். கப்பல்களுக்கு வழிகாட்டித் துறைமுகத்துக்குள் கொண்டுவரும் பைலட் அவர். கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் சண்டையே வந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கோராலீயின் தட்டு சுழன்றுகொண்டிருந்த ரெக்கார்டு பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒலிந்தா இரு கைகளாலும் அதைத் தூக்கிப் பிடித்து, அடியில் செருக வேண்டிய மரச்சட்டத்தைப் பல்லில் கவ்வியபடி குனிந்தாள். சட்டத்தின் மறுமுனை பெட்டியில் முட்டியது.

அவள் மண்டைக்குள் ஒரு பெண் பாடினாள்.

தொண்டை கிழிந்து, மூச்சு தவறி, அழுகையின் விளிம்பில் நின்று திடீரென்று சிரித்து மேலே ஏறும் குரல். பெரிய வெள்ளிக்கிழமை வியாகுலப் பாட்டை மனமுருகிப் பாடும் பெண்ணின் குரலும், அதே பெண் பிறகொரு நாள் மகன் கல்யாணத்தில் குலவையிடும் குரலும் ஒன்றாகச் சேர்ந்தது போல. அதன் கீழே டிரம் அடி ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை பிந்தி, வேண்டுமென்றே சோம்பலாக விழுந்தது. அந்தப் பிந்தலில்தான் உடம்பை இழுக்கிற பள்ளம் இருந்தது. ஒலிந்தாவின் இடுப்பு அசைந்தது. கண்ணில் நீர் வழிந்தது. சட்டத்தை மட்டும் அவள் விடவில்லை.

பாட்டு முடிந்ததும் யோசித்தாள். இன்செவி காற்றில் வருவதைத்தான் பிடிக்கும். இது மரத்தில் ஏறி, பல்லில் ஏறி, எலும்பு வழியாகவே உட்காதுக்குப் போயிருக்கிறது. காவல் இருப்பது முன்வாசலில்; பாட்டு கொல்லைப்புறமாக வந்துவிட்டது.

"இங்க வாங்களேன்," என்று கணவரைக் கூப்பிட்டாள். "கோராலீ பாடுதா. நெசமாவே பாடுதா."

சட்டத்தைக் கவ்வ தார்சீஸ் மறுத்துவிட்டார். "எச்சி. எனக்கு வேண்டாம்."

"அப்ப ஒங்க நெத்திய எந் நெத்தியில வையிங்க. எந் தலையில வாரது ஒங்களுக்கும் வரும்."

சலித்துக்கொண்டே குனிந்தார். நெற்றியோடு நெற்றி அழுந்தியது. ஒலிந்தா மறுபடி சட்டத்தைக் கவ்வினாள். பாட்டு இருவர் மண்டைக்குள்ளும் ஏறியது. தார்சீஸ் விலகவில்லை. பாதிப் பாட்டில், அவளுக்கல்ல, தனக்கே சொல்வதுபோல் சொன்னார்.

"என்னமா அழுவுதா, இவ."

காதில் விழுந்தது வழக்கமான பதமான குரல். ஆனால் அதே சொற்கள் எலும்பு வழியாகவும் வந்தன. அந்தக் குரலை அவள் கேட்டதேயில்லை. உடைந்து, கட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றிய கிணற்றின் வாளி போல உரசிக்கொண்டு வந்தது அது.

ஒலிந்தா சட்டத்தைத் துப்பினாள். நெற்றியை எடுக்கவில்லை.

"இன்னொரு மட்டம் பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது. ஒங்களுக்கு என்ன செய்யுது? தொண்ட ஏன் இப்படி இருக்கு?"

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்றார். "கில்டன் போயிட்டான்னு."

கில்டன் அவரிடம் வேலை பழகிய இளைஞன். போன மழைக்காலத்தில், படகிலிருந்து கப்பலுக்கு நூலேணியில் ஏறும்போது தவறிக் கடலில் விழுந்தான். தார்சீஸ் நீட்டிய கை அவனுக்கு எட்டவில்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து, கை கழுவுகிற தொட்டியைப் பார்த்தபடி அவர் சொன்னது ஒலிந்தாவுக்கு நினைவிருந்தது. "கில்டன் போயிட்டான் ஒலிந்தா." பால் தீர்ந்துபோய்விட்டது என்பது போலக் கேட்டது அது. வேலையை விட்டுப் போய்விட்டான் என்று நினைத்தாள். அப்புறம் செய்தி தெரிந்து விசாரித்தபோதும், "ஆமா" என்று அதே குரலில் சொன்னார். மனசு தேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டாள்.

"சரி, சாப்பிட வாங்கன்னு சொன்ன."

அப்போதுதான் அவளுக்கு முழுதும் புரிந்தது. தன் குரலை மட்டும் ஒவ்வொருவரும் எலும்பு வழியாக அசலாகக் கேட்கிறார்கள். தார்சீஸ் அன்று தான் கதறுவதைக் கேட்டார். அதற்கு மனைவி சோற்றுக்குக் கூப்பிட்டதையும் கேட்டார். இத்தனை மாதமும் ஒரு கல்லோடு குடித்தனம் செய்வதாக நினைத்து வாழ்ந்திருக்கிறார்.

"எனக்குக் கேக்கல," என்றாள். அவள் குரலும் உடைந்தது. அது அவர் நெற்றிக்குள் அப்படியே போயிற்று. "சத்தியமா எனக்கு இப்படிக் கேக்கலங்க."

"இப்ப கேக்குதுல்லா?" என்றார் தார்சீஸ். அவளைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையைப் போல அழுதார். தட்டின் முடிவில் ஊசி வெறும் கோட்டில் உரசிக்கொண்டே இருந்தது.

மறுவாரமே அவர்களுக்குள் முதல் சண்டை வந்தது. நெற்றியை முட்டிக்கொண்டு, மீன் குழம்பில் புளி கூடியதற்காக. ஒலிந்தாவுக்கு அது பிடித்திருந்தது.

ரசிகர்களுக்கு ஒரு குணம் உண்டு. தான் ருசித்ததை ஊருக்கே ஊட்டாமல் தூக்கம் வராது. ஒலிந்தா நீளமான தேக்கு பெஞ்சு ஒன்றை வாங்கி, அதன் மேல் ரெக்கார்டு பெட்டியை வைத்தாள். கிரேன் அறைத் தோழிகள் வந்து பெஞ்சில் நெற்றி கவிழ்த்துக் கேட்டார்கள். தோழிகள் கணவர்களை அழைத்துவந்தார்கள். ஃபங்க் பாட்டுக்குத் தலை பெஞ்சிலும் கால் தரையிலுமாக ஆடுவது எப்படி என்று ஊர் கற்றுக்கொண்டது. பாட்டு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர்கள், ஒரு யோசனையில், தங்கள் மனிதர்களின் நெற்றியில் நெற்றி வைத்துப் பேசிப் பார்த்தார்கள். சில வீடுகளில் பெரிய சண்டை மூண்டது. பல வீடுகளில் அழுகை. நெற்றிப்பேச்சு என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது.

அதன் பிறகுதான் நற்கேள் நிறுவனத்திலிருந்து இளம்பரிதி என்ற பொறியாளர் சென்னையிலிருந்து வந்தார். மிரட்ட வரவில்லை. பெஞ்சில் நெற்றி வைத்துக் கோராலீயைக் கேட்டார். நிமிர்ந்தபோது அவர் கண்ணும் சிவந்திருந்தது.

"நாங்க எதைத் தூக்கிப் போட்டோம்னு இப்பத்தான் புரியுது மேடம்," என்றார். "இதை எல்லார் காதுக்கும் குடுக்க முடியும். இந்தத் தட்ட எங்களுக்கு ஒரு தடவை படியெடுக்கக் குடுப்பீங்களா?"

தார்சீஸ் வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் கோராலீ பிம்ஸை உலகமே கேட்கப்போகிறது என்ற நினைப்பை ஒலிந்தாவால் தாண்ட முடியவில்லை. கொடுத்தாள்.

இன்செவியின் புதிய மென்பொருளுக்கு 'உயிர்ப்பு' என்று பெயர் வைத்தார்கள். ஒரே நாளில் எல்லோருடைய காதிலும் அது தானாக ஏறியது. கரகரப்பை நீக்குவதை அது நிறுத்தியது, அதோடு நிற்கவில்லை. கேட்கிற ஒவ்வொரு குரலிலும் கோராலீயின் பிசிறை, மூச்சை, விளிம்பு நடுக்கத்தைச் சேர்த்தது. முதல் வாரம் ஊரே சொக்கிப்போனது. தக்காளிக்காரர் விலை சொன்னால் நெஞ்சு உருகியது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை மாநகராட்சி அறிவித்தபோது பெண்கள் குடத்தோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கிரேன் அறையில், "பெட்டிய இறக்கு" என்ற கட்டளை காதல் தோல்வி போல ஒலித்ததில் ஒரு பெட்டி அந்தரத்திலேயே நின்றது.

இரண்டாம் வாரம் சங்கடம் தொடங்கியது. எல்லோரும் உருகினால் யார் உண்மையில் உருகுகிறார் என்று எப்படித் தெரியும்? கடன் கேட்பவனும் கதறினான்; கொடுக்க முடியாது என்பவனும் கதறினான். மருத்துவர்கள் நோயாளியின் முனகலை நம்ப முடியாமல் தவித்தார்கள். அவர்கள்தான் முதலில் குனிந்தார்கள். ஆஸ்பத்திரியில் நெற்றி தொட்டு விசாரிப்பது வழக்கமாயிற்று. அப்புறம் பள்ளிக்கூடத்தில், போலீஸ் ஸ்டேஷனில், பெண் பார்க்கும் இடத்தில். பேருந்து நிறுத்தத்தில் கூட, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டவர்கள், பதில் வருமுன்பே தலையைச் சாய்த்தார்கள். பக்கத்தில் போகாமல் யாரையும் நம்ப முடியவில்லை. பக்கத்தில் போனதும் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது.

"ஒம் பாட்டு ஊரக் கெடுத்துட்டு," என்றார் தார்சீஸ், அவள் நெற்றியில் நெற்றி வைத்து. குரலில் சிரிப்பு இருந்தது. அசல் சிரிப்பு.

மழை விட்ட ஒரு காலையில் இளம்பரிதி தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார். உறையில் ஒரு கீறலும் இல்லை.

"உயிர்ப்பு எங்க எதிர்பார்ப்பையெல்லாம் தாண்டிப் போயிடுச்சு அக்கா. ஒருத்தர்கூடக் குறை சொல்லல. ரொம்ப சந்தோஷமா இருக்கோம்," என்றார். மகிழ்ச்சியில் நடுங்கி, உச்சத்துக்கு ஏறி, இறங்கி வந்தது குரல். கேட்க அற்புதமாக இருந்தது.

ஒலிந்தா தட்டை மேசைமேல் வைத்தாள். "இங்க வாங்க தம்பி," என்றாள்.

அவர் தயங்கினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். எலும்பு வழியாக வந்த குரல் மெலிந்து, வறண்டு, தூங்கிப் பல நாள் ஆனது போல இருந்தது.

"போன மாசம் எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா. அழுதா பசிக்கா, வலிக்கா, சும்மாவான்னு ஒண்ணுமே தெரியல. என் காதுல எல்லா அழுகையும் ஒரே மாதிரி அழகாக் கேக்குது. செஞ்சவன் நான்தான்."

"அப்ப என்ன செய்யுதீங்க?"

"தூக்கி என் நெத்தியோட வச்சுக்கறேன்," என்றார் இளம்பரிதி. "அப்பத் தெரியுது. பெரும்பாலும் பசியில்ல அக்கா. யாராவது பக்கத்துல வேணும், அவ்வளவுதான்."