ஒரே மைக், எட்டுத் தடங்கள்

ஒரே ஒரு மைக்கைத்தான் செருகியிருந்தாள். ஆனால் கருவியில் இரண்டு விளக்குகள் எரிந்தன.

முதல் தடத்தில் அவள் குரல் பதிவானது. பேசினால் பச்சைக்கோடு ஏறும், நிறுத்தினால் இறங்கும், அது சரி. இரண்டாம் தடத்தை அவள் தொடவே இல்லை. அது பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பழைய சாமான் கடையில் வாங்கிய எட்டுத் தடப் பதிவுக் கருவி, என்ன கோளாறோ என்று கையேட்டைப் புரட்டினாள். எந்த மொழியிலிருந்து எவர் பெயர்த்தாரோ, மொட்டைத் தாத்தா குட்டையில் விழுந்தார் கதையாகத்தான் எல்லாப் பக்கமும் இருந்தது. ‘வீட்டில் உள்ள ஒலிகள் தாமே தம் தடம் கொள்ளும். வேண்டாத தடத்தை ‘அழி’ பொத்தானோடு சேர்த்து அமுக்கவும். அது நிற்கும்.’ மூன்று முறை படித்துவிட்டு, மைக்கில் விழும் சத்தங்களை இதுவே தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளும்போல என்று சமாதானம் செய்துகொண்டாள்.

பஸ் நிலையத்தில் பதினாறு வருடம் அறிவிப்பு சொன்ன தொண்டை அவளுடையது. போன மாதம் அந்த நாற்காலியில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைத்துவிட்டார்கள். இப்போது ஒரு தொலைபேசி நிறுவனம் குரல் தேடுகிறது, மாலை ஐந்து மணிக்குள் நாலு பக்கம் படித்து அனுப்ப வேண்டும். இதுவும் கைநழுவினால் ஆயுசு முழுக்கப் புருஷன் வாயைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்க வேண்டியதுதான். அந்த வாய் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும்.

“அழைப்புன்னு சொல்லு. அளைப்புன்னு கேக்குது,” என்றது அந்த வாய் அடுத்த அறையிலிருந்து. அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். வீட்டுக்கு வந்தாலும் அதே வேலைதான்.

“கதவைச் சாத்திட்டுத்தானே படிக்கிறேன். கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்.”

“நான் சும்மாதான் இருக்கேன். பஸ் ஸ்டாண்டுல கத்துனவளுக்கு எவன் வேலை குடுக்கப் போறான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.”

ஒவ்வொரு சொல்லுக்கும் இரண்டாம் விளக்கு துள்ளியது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தத் தடத்தை மட்டும் திறந்தாள். சுவருக்கும் சாத்திய கதவுக்கும் அப்பால் இருக்கிறவனுடைய குரல், உதடு காது மடலில் உரசுவது போல ஈரமாக, எச்சில் விழுங்கும் சத்தம் வரை தெளிவாகக் கேட்டது. பயப்பட்டிருக்க வேண்டியவள்தான். அவளுக்கு வந்ததோ ஆத்திரம். ‘அழி’யை அமுக்கிக்கொண்டே இரண்டைத் தட்டினாள். விளக்கு அணைந்தது.

அப்புறம் எத்தனை நிம்மதியாகப் படித்தாள்! இரண்டு பக்கம் தாண்டியதும் மூன்றாம் விளக்கு மினுங்கியது. சமையலறைக் குழாய், சொட்டுச் சொட்டாக. அதையும் அழித்தாள். நாலு பக்கமும் முடிந்தபோது மணி நாலேகால்தான், தொண்டை வறண்டிருந்தது.

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. கடைசி வரை திருகியும் ஒரு சொட்டுகூட இல்லை. குழாயின் வாய் காய்ந்து கிடந்தது.

முதுகுக்குப் பின்னால் மேசை படீரென்று அதிர்ந்தது. திரும்பினாள். அவன்தான் அறைந்திருந்தான். கழுத்து நரம்பு புடைக்க, முகம் சிவக்க, வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தான். பல் தெரிந்தது, நாக்கு அசைந்தது. குரல் இல்லை. காற்றுகூட வரவில்லை.

அவள் கருவியிடம் ஓடினாள். அவனும் பின்னாலேயே வந்தான். ‘மீட்பு’ என்றொரு பொத்தான். அமுக்கினாள். சமையலறையில் குழாய் திடீரென்று பீறிட்டுக் கொட்டியது. மறுபடி அமுக்கினாள். அவன் தொண்டையில் ஒன்றும் இல்லை. மறுபடியும் அமுக்கினாள். ஒன்றும் இல்லை.

கையேட்டைப் பிடுங்கினான். ஒரே மூச்சில் கடைசிப் பக்கம் வரை படித்தான். பென்சிலை எடுத்து ஒரு வரியை அடிக்கோடிட்டு அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். ‘மீட்பு, கடைசியாக அழித்த ஒன்றுக்கு மட்டும். அதற்கு முன்னது போனது போனதே.’

“தெரியாம செஞ்சுட்டேங்க,” என்றாள். பாதி பொய். அவனுக்கு அது புரிந்துவிட்டது. இடது கட்டைவிரலை ‘அழி’யின் மேல் வைத்தான்.

“வேண்டாங்க. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான். காலைப் புடிக்கிறேன், இதை மட்டும்…”

முதல் விளக்கு அணைந்தது.

அவள் வாய் மட்டும் மிச்சத்தைச் சொல்லி முடித்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றாள். பதினாறு வருடக் குரல். துடைத்தாற்போல் இல்லை. ‘மீட்பு’க்குத் தாவினாள். அவன் அந்தப் பொத்தானைப் பென்சில் முனையால் குத்தி நெம்பிப் பெயர்த்து எறிந்தான். சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு.

அப்போதுதான் இருவரும் பார்த்தார்கள்.

வரிசையின் கடைசியில் இரண்டு விளக்குகள். ஏழு. எட்டு. விட்டு விட்டு எரிந்தன. ஹெட்போனை எடுத்து ஒரு பக்கத்தை அவள் தன் காதில் வைத்தாள், மறுபக்கத்தை அவன் பறித்துத் தன் காதில் வைத்தான்.

தப் தப். தப் தப்.

அவள் கை தானாக நெஞ்சுக்குப் போனது. அவன் கையும் போனது. எண்ணிப் பார்த்தாள். தன்னுடையது ஏழா? அவனும் எண்ணினான். எட்டா? இரண்டும் ஒரே வேகம். எது யாருடையது என்று தெரியவில்லை.

அவன் விரல் ஏழின் மேல் போய் நின்றது. அவள் விரல் எட்டின் மேல்.

‘அழி’யின் மேல் அவன் கட்டைவிரல். அதன் மேல், நகம் வெளுக்க, அவள் கட்டைவிரல்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.