காதைக் கழற்றிவிட்டுக் கேட்ட பாட்டு

கல்வாசலில் காலையில் எழுந்ததும் எல்லோரும் பல் விளக்குவார்கள், முகம் கழுவுவார்கள், பிறகு காதைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் ஊறப் போடுவார்கள். கால் மணி நேரம் ஊர் முழுக்கச் செவிடு. அந்த நேரத்தில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட, காதை மாட்டிய பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

கல்வாசல் என்பது செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றுகிற ஒரு பாறை. அதைக் குடைந்து உள்ளே குடியிருக்கிறார்கள். குடைந்த கல்லை உடைத்து உலோகம் எடுத்து விற்கிறார்கள். கல்லுடைக்கிற எந்திரத்துக்குப் பக்கத்தில் சில வருஷம் நின்றால் செவிப்பறை கிழிந்துவிடும். கிழிந்ததும் கம்பெனி புதுக் காது கொடுக்கும். செவியன் என்று பெயர். மடலோடு சேர்ந்தே கழன்று வரும். பேச்சு, பாட்டு, கம்பெனி உத்தரவு எல்லாம் நேராக அதற்குள்ளேயே வந்துவிடுவதால் ஊரில் ஒலிபெருக்கி என்று தனியாக எதுவும் கிடையாது. சமையல் கூடத்தில் ‘சோறு தயார்’ என்று கத்துகிற பழைய அறிவிப்புப் பெட்டி ஒன்றுதான் பாக்கி.

செவியனுக்குள் துடைப்பி என்று ஒரு சங்கதி இருக்கிறது. வேண்டாத சத்தத்தைத் துடைத்துவிடும். எது வேண்டாதது என்று நம்மைக் கேட்காது. அதுவே முடிவு பண்ணும். நல்லதுக்குத்தான் என்று கம்பெனி சொல்கிறது. கம்பெனி எதைத்தான் கெட்டதுக்கு என்று சொல்லியிருக்கிறது?

இன்னாசிக்கு வலது பக்கம் செவியன். இடது பக்கம் பிறந்த காது. அதுவும் முக்கால்வாசி போய்விட்டது. சனிக்கிழமை அதையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னாசி ஒரே ஒரு ஆசையைத்தான் வெளியே சொன்னார். அந்தக் காது போவதற்குள் டிமெல்லோவை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும்.

சில்வெஸ்டர் டிமெல்லோ ஒரு ஜாஸ் கிதார்காரர். பூமியில் ஒரு தங்கச் சுரங்க ஊரில், கிளப்பில், சனிக்கிழமைதோறும் வாசித்தவர். ஜாஸ் என்றால் வாசித்த மாதிரி மறுபடி வாசிப்பது கிடையாது. அன்றைக்கு மனசு எப்படியோ அப்படி. அவர் வாசித்ததில் ‘இரண்டாம் ஷிப்ட்’ என்ற ஒன்றுதான் இசைத்தட்டில் பதிவானது. அந்தத் தட்டும் இன்னாசி வீட்டில்தான் பரம்பரையாக இருந்தது. காரணம், அதில் இன்னாசியுடைய முப்பாட்டன் இருமுகிறார்.

முப்பாட்டன் மரியான் பகலில் சுரங்கத்துக்குள் இறங்குவார், சாயங்காலம் கிளப்பில் தேநீர் கொடுப்பார். நெஞ்சு முழுக்கக் கல் தூசி. பாட்டு நடுவில் அடக்க முடியாமல் இரண்டு இருமல் இருமிவிட்டார். வேறு கிதார்காரராக இருந்தால் முறைத்திருப்பார். டிமெல்லோ அடிக் கம்பியில் இரண்டு தட்டுத் தட்டி அந்த இருமலுக்குப் பதில் சொன்னார். அப்புறம் பாட்டு முடிகிறவரை அந்த இரண்டு தட்டை விடவேயில்லை. சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தார். கிழவனுடைய இருமலே பாட்டாகிப் போனது.

இன்னாசி யாரையும் நம்பாதவர். கம்பெனி தண்ணீரை மோந்து பார்த்துத்தான் குடிப்பார். ஆனால் ‘பழந்தட்டு வட்டம்’ என்று ஒன்றை அவரே ஆரம்பித்து, அதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார். வியாழனின் நிலா கனிமீடு, சனியின் நிலா டைட்டன், செவ்வாய் என்று எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் பழைய ஜாஸ் கிதார்த் தட்டுகளைத் தேடிப் பிடித்து, நகல் எடுத்து, கதிரஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். இன்னாசியும் டிமெல்லோவை அனுப்பினார். பாராட்டு வந்து குவிந்தது. அதற்கப்புறம் குடியிருப்பில் இட நெருக்கடி வந்தபோது, இத்தனை பேரிடம் நகல் இருக்கிறதே என்று தட்டையும் அதைச் சுற்றுகிற பெட்டியையும் உலோகம் உருக்குகிற உலைக்குக் கொடுத்துவிட்டார். தன்னிடமிருந்த நகலையும் வைத்துக்கொள்ளவில்லை. கேட்டால் யாராவது கொடுக்க மாட்டார்களா?

கேட்டார். கொடுத்தார்கள். வியாழக்கிழமைக்குள் எல்லாப் பக்கமிருந்தும் ‘இரண்டாம் ஷிப்ட்’ வந்து சேர்ந்தது.

முதல் நகலை வலது காதில் விட்டார். சத்தமே இல்லை. செவியனைச் சந்தேகப்பட்டு, பழைய கைப்பேசியை இடது காதோடு அழுத்திக்கொண்டார். சத்தமே இல்லை. காது அதற்குள் போய்விட்டதோ என்று கல்லுடைப்பான் பக்கம் திருப்பிப் பார்த்தார். அது நன்றாகவே கேட்டது. இரண்டாவது நகல், மூன்றாவது நகல், கனிமீடு, டைட்டன். எல்லாம் பாட்டின் நீளத்துக்குச் சரியாக ஓடி, பாட்டு முடிகிற இடத்தில் சரியாக நின்றன. நடுவில் ஒன்றுமில்லை.

விஷயம் இதுதான். கதிரஞ்சல் ஒவ்வொரு நிலையத்தைத் தாண்டும்போதும் அங்கே இருக்கிற துடைப்பி ஒரு கை பார்த்துவிட்டுத்தான் அனுப்பும். முதல் நிலையத்தில் தட்டு கரகரக்கிற சத்தத்தைத் துடைத்தது. அது போனதும் இருமல் அழுக்காகத் தெரிந்தது. இருமல் போனதும் விரல் கம்பியில் வழுக்குகிற சத்தம். அதுவும் போனதும் மெதுவாகத் தொட்ட சுரங்கள். இருப்பதிலேயே சின்னது எதுவோ அதைத் துடைக்கிறது அதன் வழக்கம். ஒன்று போனால் அடுத்தது சின்னதாகிவிடும். கை மாறிக் கை மாறி, கடைசியில் சுத்தம் மட்டும்தான் மிஞ்சியது.

இத்தனை வருஷமும் வட்டத்தில் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கனிமீட்டுப் பேராசிரியர் தில்லைநம்பி, ‘டிமெல்லோவின் மௌனங்கள்’ என்று ஒரு நீளமான கட்டுரை எழுதியிருந்தார்.

இன்னாசி வட்டத்துக்கு எழுதினார்: “நீங்கள் அனுப்பிய எதிலும் பாட்டு இல்லை. வெறும் காற்றுதான் ஓடுகிறது.”

தேநீரை எடுத்து வாயில் வைப்பதற்குள் பதில்கள் வந்தன. “அருமை அண்ணே.” “நெஞ்சை அள்ளிவிட்டது.” “இந்த மாதிரி இன்னும் கொடுங்கள்.”

இன்னாசி அதிகம் படிக்காதவர், ஆனால் முட்டாள் இல்லை. கனிமீட்டுக்கு ஒளியே போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆகும். கடிதம் போய்ச் சேராமலே பாராட்டு எப்படி வந்தது? அஞ்சல் நிலையத்தில் விசாரித்ததில் தெரிந்தது. ஆளாளுக்குப் ‘பாராட்டி’ என்று தானாகப் பாராட்டுகிற ஒரு சங்கதியைக் கல்வாசல் நிலையத்திலேயே குடிவைத்திருந்தார்கள். இங்கிருந்து எது புறப்பட்டாலும் வாசலிலேயே அது பாராட்டிவிடும். நட்பு கெடாது, நேரமும் மிச்சம்.

அவர் கோபமாகத் திட்டத் தொடங்கினார். பாதித் திட்டில் நின்றுவிட்டார். நிலையப் பையன் காட்டிய பெயர்களில் இன்னாசியின் பெயரும் இருந்தது. அவருடைய பாராட்டி டைட்டன் வாசலில் இன்றைக்கும் உட்கார்ந்து, வருகிற எல்லாவற்றுக்கும் நெஞ்சை அள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவர் சமையல் கூடத்துக்குப் போனார். ரொம்ப வருஷமாக அவர் அந்தப் பக்கமே வராதவர். சாப்பாட்டை ஆள் விட்டு வாங்கிக்கொள்வார். உள்ளே ஹாஜிரா கிரைண்டரில் உளுந்து போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு காதும் பிறந்த காது. கல்லுடைப்பான் பக்கம் அவளுக்கு வேலையில்லை.

“வாங்கண்ணே. வழி மறந்துட்டீங்களா, இல்ல வழி தெரிஞ்சிருச்சா?”

“ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க. கேக்குறதுக்குக் காது சனிக்கிழமை வரைக்கும் இருக்குல்ல.”

“நீ ஒரு பதிவு எடுத்தியே. நான் கடைசியா இங்க தட்டைப் போட்டப்போ. அது இருக்கா?”

“எது? மாவரைக்கிற சத்தத்தைக் கலந்து டிமெல்லோவை அசிங்கப்படுத்துனேனே, அதுவா?”

“அதான்.”

“வட்டத்தை விட்டு என்னைத் தூக்குறப்போ என்ன எழுதுனீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

இன்னாசிக்கு ஞாபகம் இருந்தது. சமையல்காரர்கள் சமையலோடு நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதற்கும் பாராட்டு வந்தது.

“இருக்கு,” என்றார் தரையைப் பார்த்து.

“எனக்கும் இருக்கு. சரி, உக்காருங்க. நின்னா உங்களுக்கு முட்டி வலிக்கும்.”

அறிவிப்புப் பெட்டி எஃகு மேசையோடு சேர்த்து முடுக்கப்பட்டிருந்தது. பேச்சைப் பதிந்து திருப்பிச் சொல்கிற சாதாரணப் பெட்டி. அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். இன்னாசி வலது காதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இடது காதைப் பெட்டியில் வைத்தார்.

முதலில் கிரைண்டர். அப்புறம் கரண்டி விழுகிற சத்தம். யாரோ, “அக்கா, சாம்பார் இன்னொரு கரண்டி” என்றான். “கிட்ட வராதீங்கப்பா, தட்டுல தூசி விழும்” என்று ஒருவர் அதட்டினார். அது தன் குரல் என்று புரிய இன்னாசிக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனைக்கும் அடியில், மாவுக்குள் உப்பு மாதிரி, கிதார். கம்பி கம்பியாக. பிறகு முப்பாட்டன் இருமினார். டிமெல்லோ இரண்டு தட்டுத் தட்டினார்.

பாட்டு முடிந்து ரொம்ப நேரம் கழித்துத்தான் இன்னாசி தலையை எடுத்து வலது காதை மாட்டிக்கொண்டார்.

“தினமும் ஓடும்ணே,” என்றாள் ஹாஜிரா. “மாவு போட்டா இதைப் போட்டுருவேன். இது நாலு தடவை ஓடி முடிஞ்சா மாவு பதம். அந்தப் பெரியவர் இருமுறப்போ மட்டும் கிரைண்டரை ஒரு நிமிஷம் நிறுத்திக்குவேன். என்னமோ, பாவமா இருக்கும்.”

“எங்க முப்பாட்டன்.”

“அப்படியா? சொல்லவேயில்லையே. நான் இவ்வளவு நாளா அவருக்குக் கஷாயம் வச்சுக் கொடுக்கணும்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

இன்னாசி சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவருக்குப் பழக்கமில்லாத ஒன்றைச் சொன்னார்.

“உன்னாலதாம்மா கேட்டேன். நான் உனக்குப் பண்ணுனதுக்கு நீ இதை அழிச்சிருக்கலாம். ரொம்ப நன்றி.”

“என்னாலன்னு ஏன் சொல்றீங்க? அழுக்குன்னு நீங்க தூக்கி எறிஞ்சீங்க. எறிஞ்சதால எங்கயும் போகல. போகாததால பொழைச்சுது. நன்றியை கிரைண்டருக்குச் சொல்லுங்க.”

அவர் எழுந்து போகும்போது நிஜமாகவே கிரைண்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை இடது காது போய்ப் புதுச் செவியன் வந்தது. அன்று சாயங்காலமே அவர் ஹாஜிராவிடம் வந்து பாட்டைப் போடச் சொன்னார். பெட்டி ஓடியது. புதுக் காது கிரைண்டரைத் துடைத்தது, கரண்டியைத் துடைத்தது, இருமலைத் துடைத்தது, கிதாரையும் அதோடு சேர்த்துத் துடைத்தது. பாட்டு கேட்கிறதா என்று ஹாஜிரா கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. கையை விரித்தார். கிடைத்த ஒரு தடவையே பெரிது என்று போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை இரண்டு காதையும் கிண்ணத்தில் போட்டுவிட்டு, வேறெங்கும் போகத் தோன்றாமல் சமையல் கூடத்து மேசையில் வந்து உட்கார்ந்தார். ஹாஜிரா உளுந்தைப் போட்டுவிட்டு வழக்கம்போலப் பெட்டியைத் தட்டிவிட்டாள். அவருக்கு எங்கே கேட்கப் போகிறது என்பதால் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னாசி களைப்பில் மேசையில் முகத்தைச் சாய்த்தார். முன்பல் எஃகில் இடித்தது.

பல் வழியாக டிமெல்லோ உள்ளே வந்தார். செவிப்பறை வேண்டியிருக்கவில்லை. எலும்பு போதுமாக இருந்தது. எலும்பில் துடைப்பி கிடையாது. கரகரப்பு, கரண்டி, சாம்பார் கேட்டவன், அதட்டிய கிழவன் எல்லாம் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். முப்பாட்டன் இருமியபோது ஹாஜிரா கிரைண்டரை நிறுத்தினாள். இன்னாசி பல்லை எடுக்காமலே கையை நீட்டி அவள் முந்தானை நுனியைப் பிடித்து இழுத்தார். அவள் குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். பாட்டு முடிந்ததும் திரும்பவும் போட்டாள்.

தேநீருக்கு வந்தவர்கள், கிழவர் மேசையைக் கடிப்பதைப் பார்த்து என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். ஒவ்வொருவராக உட்கார்ந்து பல்லை வைத்துப் பார்த்தார்கள். வைத்தவர் எடுக்கவில்லை. அடுத்த வாரம் நீளமான மேசை போட வேண்டியதாயிற்று.

இன்றைக்கும் கல்வாசலில் காது ஊறுகிற அந்தக் கால் மணி நேரம் ஊரே எஃகு மேசையில் பல்லை வைத்து, ஒரே பாட்டை, முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறது. வட்டத்தில் இதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அருமை என்று ஒருவரும் சொல்வதில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தால் பல் மேசையை விட்டு வந்துவிடும், பாட்டு போய்விடும்.