சுண்டுவிரலில் ஒரு நூல்

மூன்றாவது நாளாகக் காலையில் அந்தத் தடம் இருந்தது.

இடது கை சுண்டுவிரலில், நடுக்கணுவுக்குக் கீழே, மெல்லிய நூலை இறுக்கிச் சுற்றி ராத்திரி முழுக்க விட்டுவைத்து, விடியும்போது யாரோ அவிழ்த்துக்கொண்டு போன மாதிரி ஒரு பள்ளம். சுற்றிலும் சிவந்து, பள்ளத்துக்குள் மட்டும் ரத்தமில்லாத வெளுப்பு. முதல் நாள், தலையணை உறையின் தையல் அழுத்தியிருக்கும் என்று நினைத்தாள். அன்று ராத்திரி உறையை மாற்றிப் படுத்தாள். நேற்று ராத்திரி தலையணையே இல்லாமல் படுத்தாள். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

எண்பத்தாறு வயதில் தோலில் ஆயிரம் கோடு விழும். ஆனால் இந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். அறுபது வருஷமாகத் தெரியும்.

"என்னம்மா, விரலையே பாத்துட்டு இருக்க? ஜோசியம் பாக்குறியா?"

காபியோடு வந்த மகள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அம்மாவின் புகழ் ஒன்றுதான் அவளுக்குக் கணக்கில் அடங்காத விஷயம்.

"ஒண்ணுமில்ல. ரத்த ஓட்டம் சரியில்லை போல."

"சாயங்காலம் உன் பாராட்டு விழா முடியட்டும், நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டிடலாம். இன்னிக்கு நீ அந்தக் கையை மறைச்சு நிக்கிற அழகைத்தானே ஊரே பாக்கப்போகுது!" மகள் எழுந்து நின்று, வலது கையை மைக்கைப் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டி, தலையை லேசாகச் சாய்த்தாள். "எப்படி? அச்சு அசல் நீயேதானே?"

அந்த நிற்பு பிரசித்தம். ஒரு காலத்தில் காலண்டர், தீப்பெட்டி, சோப்பு டப்பா எல்லாவற்றிலும் அவள் அப்படித்தான் நின்றாள். கல்லூரிப் பெண்கள் ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு கையைப் பின்னால் மறைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். 'பாடும் நட்சத்திரத்தின் பணிவு' என்று ஒரு பத்திரிகை பக்கம் பக்கமாக எழுதியது.

பணிவாவது மண்ணாவது. அந்தக் கையில் நூல் கட்டியிருந்தது.

காபியை வாங்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். மகள் அந்த நிற்பில் நிற்கும் ஒவ்வொரு முறையும், நடுத்தெருவில் துணி அவிழ்ந்து நிற்பதுபோல அவளுக்கு உடம்பு கூசும். மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோதும் கூசியது. அறுபதை நெருங்கும் இப்போதும் கூசுகிறது.

அவள் நன்றாகவே பாடிக்கொண்டிருந்தவள். நடிக்கவும் வரும், தானே பாடவும் வரும் என்பதால்தான் படம் படமாகக் கொடுத்தார்கள். தொண்டையில் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது பேச்சு இருந்தது, பாட்டு இல்லை. மேல் ஸ்தாயிக்குப் போனால் துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு சத்தம். இசையமைப்பாளர் யாருக்கும் சொல்லாமல் கோரஸ் பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டார். பத்தொன்பது வயது. எப்போதும் இரண்டாம் வரிசையில் நிற்பவள் என்பதால் ஸ்டூடியோவில் அவளுக்குப் பெயரே 'ரெண்டாம் வரிசை'. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அந்தக் குரலும் இவள் குரலும் ஒன்று. இல்லை, ஒன்றில்லை. அந்தக் குரல் இன்னும் நன்றாக இருந்தது.

அந்தப் பெண் பாடியதுதான் 'ஒருதரம் முகம் காட்டிப் போ.'

படியிறங்கிப் போகும் காதலனைப் பார்த்து ஒரு பெண் பாடுகிற பாட்டு. ஊரே பைத்தியமானது. மேடை மேடையாகக் கூப்பிட்டார்கள். மறுக்க முடியாது, மறுத்தால் குட்டு உடையும். மேடையில் கறுப்பு வெல்வெட் திரை போட்டார்கள். திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, ஒரு மைக், ரெண்டாம் வரிசை. திரையின் இடுக்கு வழியாக ஒரு கறுப்புப் பட்டு நூல். அதன் ஒரு முனை அவள் கையில், மறுமுனை இவள் சுண்டுவிரலில். ஒரு இழுப்பு என்றால் வாயைத் திற. இரண்டு இழுப்பு என்றால் மூடு.

இரண்டு வருஷம் ஒரு வரி பிசகவில்லை.

மத்தியானம் குளியலறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடியதும் எப்போதும் கேட்கும் சொட்டுச் சத்தம் கேட்கவில்லை. ஈரச் சுவரின் குளிர்ச்சி, சோப்பின் வாசனை, அதற்கும் அடியில் வேறொரு வாசனை. பழைய வெல்வெட் துணியில் தங்கிப்போன தூசி வாசனை. முதுகுக்குப் பின்னால் பிளாஸ்டிக் திரை. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆனாலும் திரை மெதுவாக, மிக மெதுவாக, உள்பக்கமாகக் குழிந்தது. அந்தப் பக்கம் யாரோ மூச்சை உள்ளே இழுத்த மாதிரி.

வெளியே விடவில்லை.

சுண்டுவிரலில் ஒரு இழுப்பு.

வாய் தானாகத் திறந்தது. கண்ணாடியில் பார்த்தாள். பல்செட் இல்லாத, இருட்டான, வட்டமான வாய். மூடப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டாவது இழுப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றது அது. வளர்ப்பு நாய் மாதிரி.

"அம்மா! இன்னும் என்ன பண்ற? வண்டி வந்துடும்!"

மகளின் குரலில் எல்லாம் கலைந்தது. திரை தொங்கியது. குழாய் சொட்டியது.

அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதினாள். அந்தப் பாட்டை நான் பாடவில்லை. பாடியவள் பெயர் இது. அவள் இறந்ததற்குக் காரணம் நான். என்னை மன்னிக்க வேண்டாம். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள். சாகும் முன் இன்று ஒருநாள்தான் மைக் கிடைக்கும். இன்று சொல்லாவிட்டால் எப்போதும் இல்லை.

அரங்கம் வெளியே சாயங்கால வெயிலில் பளபளத்தது. உள்ளே பகலா ராத்திரியா என்று தெரியாத இருட்டு. மேடைக்குப் பின்புறம் இருந்த ஒப்பனை அறையில் ரேடியோக்காரர் வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார். நாற்பது வருஷமாக அந்தப் பாட்டை வாராவாரம் ஒலிபரப்புகிறவர்.

"அம்மா, ஒரு சின்ன வேண்டுகோள். உங்களைப் பாடச் சொல்ல மாட்டோம். ரெக்கார்டு ஓடும். நீங்க மைக் முன்னாடி சும்மா நின்னா போதும். அந்தக் கையைப் பின்னால வெச்சுக்கிட்டு."

"நான் கொஞ்சம் பேசணும். பாட்டுக்கு முன்னாடி."

"தாராளமா! நீங்க பேசுறதைக் கேக்கத்தானே இத்தனை கூட்டம். குடும்பத்துக்காகப் பாட்டையே விட்டவங்க நீங்க. அந்தத் தியாகம் யாருக்கு வரும்?"

தியாகம். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அந்தக் கடைசி மேடை அன்றைக்கு ரெண்டாம் வரிசைக்கு மூன்று நாள் காய்ச்சல். "முடியலக்கா, நெஞ்சை அடைக்குது," என்றாள். "ஒரே ஒரு பாட்டு. உக்காந்துக்கிட்டே பாடு. உன்னை யாரு பாக்கப் போறாங்க?" என்றாள் இவள். சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பெண்ணும் சிரித்தது.

பாட்டில் கடைசி வரிக்கு முன்னால் வாத்தியம் எல்லாம் நிற்கும். நாலு தட்டு மௌனம். ஒரு இழுப்பு வந்தது, வாயைத் திறந்தாள். பின்னால் மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. பாட்டு வரவில்லை. இன்னொரு இழுப்பு. இன்னொன்று. மூன்றாவதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இது வாயைத் திற என்பதல்ல, மூடு என்பதும் அல்ல. நாலு. ஐந்து. எதிரே ஆயிரம் முகம். திரும்பினால் தீர்ந்தது. அவள் புன்னகையை மாற்றாமல், அதே கையின் கட்டைவிரலால், குனிந்துகூடப் பார்க்காமல், நூலை உருட்டி உருட்டிக் கழற்றிக் கீழே விட்டாள். பிறகு வலது கையைத் தொண்டையில் வைத்து, கண்ணில் நீர் நிறைய நின்றாள். உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று கூட்டம் எழுந்து கைதட்டியது. முழுசாக இரண்டு நிமிஷம்.

திரைக்குப் பின்னால் போனபோது அந்தப் பெண் முக்காலியிலிருந்து சரிந்து கிடந்தது. வாய் திறந்திருந்தது. இழுத்த மூச்சு உள்ளேயே இருந்தது.

வீட்டில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று சொல்ல ஏற்பாடு செய்தார்கள். பின்வாசல் வழியாக, வாத்தியப் பெட்டிகளோடு, அதே வண்டியில் அவளைக் கொண்டுபோனார்கள்.

"அம்மா, வாங்க," என்று ரேடியோக்காரர் கூப்பிட்டார்.

மேடையில் கறுப்புத் திரை. யார் போடச் சொன்னார்கள்? மைக் வரைக்கும் பதினோரு அடி. வெளிச்சம் கண்ணில் குத்தியது. பழைய வெல்வெட் வாசனை. கைதட்டல் மழைபோல் கொட்டி ஓய்ந்தது. கைப்பையைத் திறந்து காகிதத்தை எடுத்தாள். மடிப்பைப் பிரித்தாள்.

முதல் வரிசையில் மகள். முகமெல்லாம் விளக்கு ஏற்றின மாதிரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னாள். உதட்டசைவை வைத்துப் பிழைத்தவளுக்கு அதைப் படிக்கத் தெரியாதா? 'எங்கம்மா.'

ரேடியோக்காரர் குனிந்தார். "எல்லாரும் கேக்க ஆசைப்படுற ஒரே கேள்விம்மா. அந்தக் கடைசி வரி இருக்கே, எத்தனையோ பேர் பாடிப் பாத்துட்டாங்க, யாருக்கும் வரலை. அது எப்படிம்மா உங்களுக்கு மட்டும் வந்துச்சு?"

காகிதம் கையில் இருந்தது. நான்கே வரி.

மகள் சிரித்தாள்.

"என்னமோ," என்றாள் அவள். "வந்துச்சு. பாடிட்டேன்."

அரங்கம் அதிர்ந்தது. காகிதத்தை மறுபடி நான்காக மடித்தாள். கைப்பைக்குள் போட்டு மூடினாள். விளக்குகள் மங்கின. ரெக்கார்டின் கரகரப்பு. வயலின்கள். இடது கை தானாகப் பின்னால் போனது.

ஒரு இழுப்பு.

வாய் திறந்தது. வரி ஓடியது. இரண்டு இழுப்பு. மூடியது. ஒரு வரிகூடப் பிசகவில்லை. கூட்டம் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தது. கடைசிச் சரணம். வாத்தியங்கள் நின்றன.

நாலு தட்டு மௌனம்.

ஒன்று.

பின்னால் மூச்சு. உள்ளே. இன்னும் உள்ளே.

இரண்டு.

இழுப்பு. இன்னொரு இழுப்பு. இன்னொன்று. இன்னொன்று.

இந்தத் தடவை அவள் திரும்பினாள்.

மூன்றுக்குள் திரையை எட்டிவிட்டாள். எப்படி என்று தெரியாது. இந்த முழங்காலால் அது முடியாது. திரையை விலக்கி உள்ளே போனாள். "வந்துட்டேன்மா," என்று சொல்ல நினைத்தாள். முக்காலி இருந்தது. யாரும் இல்லை. முக்காலியில் மட்டும் சூடு இருந்தது. நூலின் முனை தரையில் கிடந்தது. குனிந்து எடுத்தாள். அவளுக்குப் பின்னால் திரை மூடிக்கொண்டது.

நாலு.

"ஒருதரம் முகம் காட்டிப் போ…"

ரெக்கார்டு இல்லை. கரகரப்பு இல்லை. உயிருள்ள குரல். அறுபது வருஷம் அடக்கி வைத்த மூச்சு, மேல் ஸ்தாயியில், கொஞ்சமும் நடுங்காமல் போய்க்கொண்டே இருந்தது.

திரை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

மைக் முன்னால் ஒரு முதுகு. லேசாகக் கூன் விழுந்த முதுகு. வெள்ளைக் கொண்டை. இன்று காலையில் மகள் தேய்த்துக் கொடுத்த சாம்பல் நிறச் சால்வை. வலது கை மைக்கில். இடது கை பின்னால்.

கத்தினாள். சத்தம் வரவில்லை. மூச்சை இழுத்தாள். இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. நெஞ்சில் கல். கால் மடிந்தது. முக்காலியில் விழுந்தாள். கையில் நூல். நூலின் மறுமுனை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இழுத்தாள்.

இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

முதல் வரிசையில் மகள் எழுந்து நின்று, அழுதுகொண்டே, அந்த முதுகுக்கு முன்னால் இருந்த முகத்தைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு. ஐந்து.

அங்கே, பின்னால் கட்டியிருந்த அந்தக் கையில், கட்டைவிரல் மெல்ல அசைந்தது. குனியவில்லை. திரும்பவில்லை. நிதானமாக, உருட்டி, உருட்டி.

நூல் தளர்ந்தது. பலகைத் தரையில் சுருண்டு விழுந்து, திரைக்கு அடியில் அவள் காலடி வரைக்கும் வந்து நின்றது.