அளக்காத நாள்கள்

பிளாரன்ஸின் கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல் இருந்தது. ஸ்கேல் வைத்துத்தான் போட்டிருந்தாள்.

ஏழாம் வகுப்புக் கண்காட்சிக்காக அவளும் தோழி இசக்கித்தாயும் அவரவர் வீட்டு முற்றத்தில் ஆளுக்கொரு தட்டில் கடல்நீர் வைத்தார்கள். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பத்து நாள், தினமும் மாலையில், தண்ணீர் எவ்வளவு குறைந்தது என்று அளந்து, நோட்டில் வரைபடக் கோடாகப் போட வேண்டும். பிளாரன்ஸ் இரண்டு நாள் அளந்தாள். பிறகு மாதா கோயில் திருநாள், விருந்தாளிகள், பலூன். மீதி எட்டு நாளையும் ஒரே மத்தியானத்தில் கடலைமிட்டாய் தின்றபடி எழுதி முடித்துவிட்டாள்.

அந்தக் கோட்டைப் பார்த்து அறிவியல் ஆசிரியர் செல்வதுரை உருகிப்போனார். 'அறிவியல் பொய் சொல்லாது' என்று வாசலில் அட்டை தொங்கவிட்டவர் அவர். சிறப்பு விருந்தினர் பார்ப்பதற்காக அவள் நோட்டை நடுமேசையில் வைத்தார்.

இசக்கித்தாயின் கோடு கோணலாக இறங்கி, ஐந்தாம் தேதி மேலே ஏறியிருந்தது. வெயிலில் தண்ணீர் கூடுமா என்று கேட்டார் சார்.

"அன்னைக்கு மழை பெஞ்சுச்சு சார்."

"ஆகஸ்ட்ல தூத்துக்குடியில மழையா? பிளாரன்ஸ் நோட்டுல மழையே இல்லையே. பொய்க் கணக்கு எழுதிட்டு வந்து நிக்கா பாரு."

வகுப்பே சிரித்தது. இசக்கித்தாயின் நோட்டு அலமாரிக்குள் போனது. அவள் பிளாரன்ஸைப் பார்த்தாள். பிளாரன்ஸ் தன் கால்விரல்களைப் பார்த்தாள். அந்த மழையில்தான் திருநாளுக்கு எடுத்த அவளுடைய புதுக் கவுன் நனைந்திருந்தது.

"சார், மழை பெஞ்சது நெசம். நான்தான் அளக்காமலே எழுதினேன்" என்றாள். "நீங்களும் திருநாளன்னைக்கு சப்பரம் பாக்கயில குடை பிடிச்சிட்டுதான நின்னீங்க?"

சார் நெடுநேரம் இருமினார். அது வெறும் தூறல் என்றும், தூறலெல்லாம் அறிவியலில் சேராது என்றும் விளக்கினார். அதற்குள் விருந்தினரின் கார் வந்துவிட, வாசலுக்கு ஓடினார்.

பிளாரன்ஸ் அலமாரியைத் திறந்து தோழியின் நோட்டை நடுமேசையில் வைத்தாள். தன் நோட்டில் எட்டு நாளையும் சிவப்பு மையால் அடித்து, ஒவ்வொன்றிலும் 'அளக்கவில்லை' என்று எழுதிப் பக்கத்தில் வைத்தாள்.

விருந்தினர் அந்தச் சிவப்பு எழுத்தை உரக்கப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

"ஏளா, மூடி வச்சிருவமா?" என்று இசக்கித்தாய் மெல்லக் கேட்டாள்.

பிளாரன்ஸ் வேண்டாம் என்று தலையாட்டினாள். கடற்காற்றில் பக்கம் படபடத்தது. புரண்டுவிடாமல் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.